ஓடிப்போன முறை

2024-ஆம் ஆண்டு மே மாதம் 2-ஆம் தேதி, வியாழக்கிழமை, காலை ஆறு மணி பதினாறு நிமிடம். வானத்தில் மேகம் இல்லை, காற்றும் இல்லை. முந்தின நாள் வெயில் சுவர்களை விட்டு இறங்கியிருக்கவில்லை. மோட்டார் ரூம் தகரக் கதவு அந்த நேரத்திலேயே வெதுவெதுப்பாக இருந்தது. பொங்கலுக்குப் பிறகு எங்கள் பக்கம் ஒரு சொட்டு மழை கிடையாது. நான் மூச்சு வாங்கக் கிணற்று மேட்டில் ஏறியபோது என் சித்தப்பா மகனின் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அன்று என் முறை. அவன் மோட்டார் ஆறு மணி இரண்டு நிமிடத்துக்கே நின்றிருக்க வேண்டும்.

பதினான்கு நிமிடம் பிந்திவிட்டேன். ஒரு சொல்லால் பிந்தினேன்.

கிணற்றைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இண்டூரிலிருந்து நாலு கிலோமீட்டரில் எங்கள் காடு. என் அப்பாவும் சித்தப்பாவும் பாறையை உடைத்து வெட்டிய கிணறு அது. முப்பதுக்கு இருபத்தெட்டு அடி, ஆழம் அறுபத்திரண்டு. பாகம் பிரித்தபோது நிலத்தைப் பிரித்தார்கள். கிணற்றைப் பிரிக்க முடியாததால் நாளைப் பிரித்தார்கள். ஒரு நாள் எங்களுக்கு, மறுநாள் அவர்களுக்கு. மோட்டார் இரண்டு உண்டு. இரண்டும் சேர்ந்து ஓடக் கூடாது. கிணற்று மேட்டுப் புளியமரத்தின் உச்சியில் வெயில் பட்டதும் முறை மாறும். முறைக்காரன் நேரில் வந்து தன் ஸ்டார்ட்டர் பெட்டியின் மேல் வலது கையை வைக்க வேண்டும். ஆள் அனுப்பினாலும் போன் செய்தாலும் செல்லாது. அவன் வந்து நிற்காவிட்டால் முந்தின முறைக்காரனே அடுத்த விடியல்வரை இறைத்துக்கொள்ளலாம். அதை முறை ஓடிப்போச்சு என்பார்கள். ஓடிப்போன முறைக்கு மாற்று நாள் கேட்க முடியாது.

பதினொரு வருஷத்தில் என் முறை ஒரு தடவைகூட ஓடிப்போனதில்லை. காய்ச்சலோடு போயிருக்கிறேன். என் மூத்த அக்கா செத்த செய்தி வந்த விடியலிலும் போய்க் கையை வைத்து, மோட்டாரை மனைவியிடம் விட்டுவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

பதினொரு வருஷம் என்று ஏன் சொல்கிறேன் என்றால், நாங்கள் பேச்சை நிறுத்தி அவ்வளவு காலம். வரப்பில் நின்ற தென்னை ஒன்றில் தொடங்கியது. அவன் அதை வெட்டினான். நான் போலீசில் எழுதிக் கொடுத்தேன். அந்த மாதமே என் கன்றுக்குட்டியின் பின்னங்கால் முட்டிக்குக் கீழே உடைந்து தொங்கியது. பிறகு அவன் ஓஸ் குழாய் ஆறு இடத்தில் அறுபட்டுக் கிடந்தது. அதற்கும் பிறகு எங்கள் நாய் நுரை தள்ளி வாசலில் செத்தது. யார் செய்தது என்று இரண்டு வூட்டுக்கும் தெரியும், யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. இத்தனையும் நடந்தாலும் முறையில் மட்டும் இரண்டு பேரும் கை வைத்ததில்லை. அவன் நாளில் நான் போடமாட்டேன். வெயில் பட்டு நான் வந்து நின்றால் அவன் தன் லிவரைத் தட்டிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் இறங்கிப் போய்விடுவான்.

இந்த வருஷம் கிணற்றில் பதினோரு அடித் தண்ணீர்தான் நின்றது. ஏப்ரல் கடைசியில் கயிறு விட்டுப் பார்த்தேன், ஏழரை அடி. என் காட்டில் ஒரு ஏக்கர் தக்காளி, பூவும் பிஞ்சுமாக. அவன் காட்டிலும் தக்காளிதான், முக்கால் ஏக்கர். மழை வரும்வரை அந்த ஏழரை அடியை இரண்டு பேரும் நாள்விட்டு நாள் உறிஞ்சிக்கொண்டிருந்தோம். எனக்கு ஒரு முறை ஓடிப்போனால் நடுவில் மூன்று நாள் விழும். அந்த வெயிலில் மூன்று நாள் தண்ணீர் இல்லையென்றால் பூ உதிரும், பிஞ்சு சுருங்கும். பாலக்கோடு மார்க்கெட்டுக்குக் கொண்டுபோக ஒரு பெட்டிகூடத் தேறாது. இதெல்லாம் தெரிந்தும்தான் அன்று பிந்தினேன்.

இனி அந்தச் சொல். என் நிலம் அவன் நிலத்தைவிட இருபத்தாறு சென்ட் கூடுதல், ஆகவே முறையும் கூட வேண்டும் என்று தருமபுரி கோர்ட்டில் மனுப் போட்டிருந்தேன். அதற்கு அவனுடைய வக்கீல் கொடுத்த இங்கிலீஷ் பதிலில் என்னை ‘ரைவல் கிளைமன்ட்’ என்று எழுதியிருந்தார். போட்டி உரிமை கோருபவன் என்று பொருள். முப்பத்து நான்கு வருஷம் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவன் நான். என் அப்பன் உடைத்த பாறையில் எனக்குப் போட்டியாளன் என்று பெயரா? ராத்திரி முழுக்க அந்தச் சொல் பல்லில் மாட்டிய நார் மாதிரி உறுத்தியது. நாலரை மணிக்கு எழுந்து பெரிய அகராதியை எடுத்து வைத்தேன். அதில் ஒவ்வொரு சொல்லுக்கும் கடைசியில் பொடி எழுத்தில் அதன் வேர் இருக்கும். லென்ஸ் இல்லாமல் என்னால் படிக்க முடியாது.

ரைவல் என்ற சொல் ரிவர் என்ற ஆற்றிலிருந்து வந்தது என்று பலர் நினைப்பார்கள். அப்படி இல்லை. ரிவர் வந்தது கரையைக் குறித்த பழைய லத்தீன் சொல்லிலிருந்து. ரைவல் வந்த வழி வேறு. இங்கிலீஷுக்கு முன்னால் பிரெஞ்சு, பிரெஞ்சுக்கு முன்னால் லத்தீன். லத்தீனில் ரீவுஸ் என்றால் ஓடை, வாய்க்கால். அதிலிருந்து பிறந்தது ரீவாலிஸ். ரீவாலிஸ் என்றால் ஒரே வாய்க்காலில் தண்ணீர் பாய்ச்சுகிறவன், அவ்வளவுதான். ரோமாபுரிச் சட்டக்காரர்களே அந்தச் சொல்லை அப்படித்தான் ஆண்டிருக்கிறார்கள்: ஒரே வாய்க்கால்காரர்களுக்குள் தண்ணீர்த் தகராறு வந்தால் என்ன செய்வது என்று.

நான் லென்ஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். அந்த வக்கீலுக்குத் தெரியாமலே சரியான சொல்லைப் போட்டிருக்கிறார். நம் ஊரில் அதற்குப் பங்காளி என்று பெயர். பங்கு இருக்கிறவன் பங்காளி, வெட்ட வருகிறவனும் பங்காளி. நமக்கு அந்தச் சொல்லே போதுமாக இருந்திருக்கிறது. ரோமாபுரியிலும் மண்டை உடைந்திருக்கும். ஒற்றுமையாகப் பாய்ச்சுகிறவர்களுக்காக யாரும் சட்டம் எழுதுவதில்லை.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். ரீவுஸ் என்ற சொல்லுக்கும் முன்னால் என்ன என்று பார்த்தேன். பாய்தல், ஓடுதல் என்று பொருள் தரும் மிகப் பழைய வேர் ஒன்று. அதன் இன்னொரு கிளை சமஸ்கிருதத்தில் ரீதி. முதலில் ஓட்டம், நீரோட்டம், பிறகு போகும் வழி, பிறகு முறை. அதைத்தான் நாமும் எடுத்து ரீதி என்கிறோம். என் வக்கீல் மூச்சுக்கு மூச்சு சட்டரீதியாக, சட்டரீதியாக என்பார். அவர் வாயிலிருந்தும் அந்த வாய்க்கால்தான் இத்தனை நாளாக ஓடியிருக்கிறது. பக்கத்தைப் புரட்டி அடுத்த சொல்லுக்குப் போனேன், அதிலிருந்து அடுத்ததற்கு. ஒரு கட்டத்தில், லென்ஸ் இல்லாமலே எழுத்து தெரிகிறதே என்று தோன்றியது. அப்புறம்தான் ஜன்னலைப் பார்த்தேன். புளியமரத்தில் பாதிக்கு வெயில் இறங்கியிருந்தது.

மேட்டில் அவன் ஸ்டார்ட்டர் பெட்டியை ஒட்டிக் குந்தியிருந்தான். தென்னை மட்டை சீவுகிற கொடுவாள் பக்கத்து மரத்துண்டில் கொத்தி நின்றது. நான் போய் நின்றதும் பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கு அறுபத்து மூன்று வயது, என்னைவிட எட்டு இளையவன்.

“முறை ஓடிப்போச்சுங்க வாத்தியாரே. வூட்டுக்குப் போயி தூங்குங்க.”

நான் தூங்கவில்லை, படித்துக்கொண்டிருந்தேன் என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அதோடு விடாமல், கோர்ட்டுப் பேப்பரில் உன் வக்கீல் எழுதிய சொல்லுக்கு அர்த்தம் தெரியுமா என்று கேட்டு, ரோமாபுரி வாய்க்கால்காரர்கள் கதையையும் சொன்னேன். மோட்டார் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. ஒரே தண்ணீரில் பங்கு உள்ளவர்கள் பதினான்கு நிமிடத்துக்காக ஒருவன் காட்டைக் காயப்போட மாட்டார்கள் என்று முடித்தேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

“அந்தத் தொரைங்க வெயில் பட்டதும் வந்து நின்னாங்களா, பொஸ்தவம் படிச்சிக்கிட்டு வூட்டுல இருந்தாங்களா?” என்றான்.

நான் அவன் லிவரைத் தட்டி மோட்டாரை நிறுத்தினேன். எங்கள் இரண்டு வூட்டிலும் யாரும் அதுவரை செய்யாத காரியம். அவன் எழுந்து இரண்டு கையாலும் என் நெஞ்சில் வைத்துத் தள்ளினான். மோட்டார் ரூம் படியில் விழுந்தேன், இடது முழங்கை தோல் உரிந்தது. படியில் பைப் கழற்றுகிற பெரிய ஸ்பேனர் கிடந்தது. என்னுடையதுதான், மூன்று கிலோ இருக்கும். அவன் மறுபடி லிவரைத் தூக்கத் திரும்பினான். நான் அதை எடுத்துக்கொண்டு எழுந்து அவன் இடது காதுக்கு மேலே அடித்தேன்.

பானை விரிகிற சத்தம் கேட்டது. அவன் கத்தவில்லை. கையை வைத்துப் பார்த்தான், விரல் இடுக்குகளில் ரத்தம் வழிந்து தோளுக்கு வந்தது. நான் இரண்டாவது அடிக்குக் கையை ஓங்கினேன். பாடம் நடத்துகிற நாளில் பிரம்புகூட எடுக்காதவன் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். அந்த இரண்டாவது அடி விழுந்திருந்தால் அவன் செத்திருப்பான். அவன் குனிந்துகொண்டதால் ஸ்பேனர் கிணற்று விளிம்புக் கல்லில் மோதி நின்றது. என் கையும் அதோடு அந்தக் கல்லின் மேல் இருந்தது. அவன் கொடுவாளைப் பிடுங்கி ஒரே வீச்சாக வீசினான்.

கிணற்றுக்குள் இரண்டு சத்தம் கேட்டது. முதலில் ஸ்பேனர். அடுத்தது மிகச் சின்னச் சத்தம், புளியங்காய் விழுந்த மாதிரி.

வலது கை ஆள்காட்டி விரல், அடிக்கணுவோடு போயிருந்தது. வலி உடனே வரவில்லை. மற்ற விரல்களை எண்ணினேன், நாலு இருந்தது. அதன் பிறகுதான் ரத்தம் பீய்ச்சியது. விளிம்புக் கல்லில் அவன் ரத்தமும் என் ரத்தமும் சேர்ந்து வழிந்து உள்ளே சொட்டியது. அவன் கொடுவாளைக் கீழே போட்டுவிட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்தான்.

“ண்ணா, வெரலு உள்ள போயிருச்சு” என்றான்.

அதற்குள் பெண்கள் வந்துவிட்டார்கள். என் மனைவி மேட்டில் ஏறியதும் குனிந்து கல்லைப் பொறுக்கி அவன் முதுகில் எறிந்தாள். அவன் மனைவி ஓடிவந்து இவள் கொண்டையைப் பிடித்தாள். இரண்டு பேரும் மண்ணில் உருண்டார்கள். என் மனைவி அவள் முன்கையில் கடித்த கடி ஒரு மாதம் கறுப்பாகத் தெரிந்தது. அப்புறம் என் கையைப் பார்த்தவள், அவளை உதறிவிட்டு வந்து முந்தானையைக் கிழித்துக் கட்டினாள். பக்கத்துக் காட்டுக்காரர் பைக்கில் இண்டூர் கிளினிக்குக்குக் கூட்டிப்போனார். அங்கே இருந்த டாக்டர் சின்னப் பெண். கட்டை மாற்றி, ஊசி போட்டு, விரல் எங்கே என்று கேட்டார். கிணற்றில் என்றேன். ஆறு மணி நேரத்துக்குள் ஐஸில் வைத்துச் சேலம் கொண்டுபோனால் ஒட்டவைக்க வாய்ப்பு இருக்கலாம், தண்ணீரில் கிடந்தது என்றால் உறுதி சொல்ல முடியாது என்றார்.

ஏழே முக்காலுக்குத் திரும்பி வந்தபோது கிணற்று மேட்டில் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். அவன் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு நடுவில் உட்கார்ந்திருந்தான். துண்டு சிவந்து கனத்திருந்தது. ஒருவன் முங்கிப் பார்த்துவிட்டு மேலே வந்து, அடியில் சேறு, ஒன்றும் தெரியவில்லை என்றான். எல்லாத் தண்ணீரையும் இறைத்தால்தான் உண்டு. டாக்டர் சொன்னதை என் மனைவி சொன்னாள்.

நான் வேண்டாம், விரல் போனால் போகட்டும் என்றேன். எழுபத்தொரு வயதில் அந்த விரலால் எனக்கு என்ன ஆகப்போகிறது? தக்காளிக்குத் தண்ணீர் இருக்கட்டும். கணக்குப் பார்த்துத்தான் சொன்னேன். ஆனால் கணக்கில் ஒன்று விட்டுப்போயிருந்தது. அதை அவன் மனைவி சொன்னாள், என் மனைவியும் தலையை ஆட்டினாள். ரத்தம் விழுந்து, மனிதச் சதை கிடக்கிற தண்ணீரை எவனும் பாய்ச்சமாட்டான். பாய்ச்சினாலும் அந்தக் காயை எவனும் தொடமாட்டான். எங்கள் பக்கத்து வழக்கம் அது. கிணற்றில் ரத்தம் பட்டால் இரண்டு பங்குக்காரரும் சேர்ந்து அடி தெரிய இறைக்க வேண்டும். அந்தத் தண்ணீர் காட்டில் விழக் கூடாது. பிறகு இரண்டு பேரும் நின்று பால் ஊற்றினால்தான் கிணற்றைத் திறந்ததாகக் கணக்கு. விரல் வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும் அந்த ஏழரை அடி அன்றே போயிருந்தது.

ஒரு மாதத் தண்ணீர் அது. அவனுக்கும் அதே ஒரு மாதம். அவன் எழுந்து தன் ஸ்டார்ட்டர் பக்கத்தில் நின்றான்.

“எறைச்சா ரெண்டு பேரு காடும் போச்சுங்க. சொல்லுங்க. எறைக்கட்டுமா?”

“எறை” என்றேன்.

அவன் தன் லிவரைத் தூக்கினான். பிறகு நாலு எட்டு வைத்துப் போய் என் லிவரையும் தூக்கினான். இரண்டு மோட்டாரும் ஒன்றாக ஓடி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மேடு அதிர்ந்தது. இரண்டு குழாயையும் ஓடைப் பக்கம் திருப்பிவிட்டார்கள். காய்ந்து வெடித்துக் கிடந்த ஓடை அந்தத் தண்ணீரை நுரையோடு குடித்தது. என் தக்காளி ஓடைக்கு இந்தப் பக்கம் பதினெட்டு அடி தள்ளி நின்றது. யாரோ வாய்க்காலைத் தக்காளிப் பக்கம் வெட்டிவிட மண்வெட்டியை எடுக்க, பெண்கள் இரண்டு பேரும் ஒரே குரலில் திட்டித் தடுத்தார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போனது அந்தத் தண்ணீர் விஷயத்தில்தான்.

நான் புளியமரத்தடியில் கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டாக்டர் அப்படிப் பிடிக்கச் சொன்னார். மருந்து இறங்க இறங்கக் கை முழுக்க உலைபோலக் கொதித்தது. அந்த நேரத்தில் மனம் எங்கே போக வேண்டும்? அகராதியில் கடைசியாகப் பார்த்த சொல்லில் போய் நின்றது. ஒரு சொல்லின் வேரைத் தேடுவதற்கு இங்கிலீஷில் டெரிவேஷன் என்பார்கள். பாடத்தில் ஆயிரம் தடவை சொன்ன சொல். அதற்குள்ளும் அதே ரீவுஸ் இருக்கிறது. வாய்க்காலிலிருந்து தண்ணீரை வேறு பக்கம் திருப்பிக் கொண்டுபோவது என்பதுதான் அதன் முதல் பொருள். நாலரை மணியிலிருந்து நான் செய்துகொண்டிருந்தது அதுதான். எதிரே இரண்டு குழாயும் அதையே செய்துகொண்டிருந்தன. எனக்கு வாந்தி வந்தது. மனைவி வாயைத் துடைத்துவிட்டு, காலையில் வெறும் வயிற்றில் புத்தகத்தை எடுக்காதீங்க என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்றாள்.

ஒன்பது இருபதுக்கு மோட்டார்கள் காற்றை இழுத்துத் திணறின. அவன்தான் இறங்கினான். வேறு யாரையும் விடவில்லை. தலையில் துண்டோடு கல்படி பிடித்து அறுபது அடி இறங்கி, முட்டியளவு சேற்றில் கையால் துழாவினான். மேலேயிருந்து பார்க்க, துண்டு ஒரு சிவப்புப் பொட்டு மாதிரித் தெரிந்தது. கெளுத்தி மீன்கள் சேற்றில் துடித்துக்கொண்டிருந்தன. ஒன்று முள்ளால் குத்தியதில் அவன் கை வீங்கிப்போனது. ஸ்பேனர் முதலில் கிடைத்தது. அதைத் தூக்கி என் பக்கம் காட்டிவிட்டுப் பாறைமேல் வைத்தான். விரல் கிடைத்தபோது மணி ஒன்பது ஐம்பத்திரண்டு.

சோடாக் கடையிலிருந்து வாங்கிவைத்த ஐஸில் போட்டு, காரில் சேலம் போனோம். கார் வாடகை மூவாயிரத்து ஐநூறு, அதற்கு ஏசி போடமாட்டேன் என்றான் டிரைவர். பதினொன்றே முக்காலுக்குப் பெரிய டாக்டர் பையைப் பிரித்தார். வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். மூன்று மணி நேரத்துக்கு மேல் தண்ணீரிலும் சேற்றிலும் ஊறியிருக்கிறது, போதாததற்கு மீன் கடித்திருக்கிறது, ஒட்டாது என்றார். காலால் வாளி மூடியைத் திறந்து உள்ளே போட்டார். என் மனைவி அதைத் திருப்பிக் கேட்டாள், நம் மண்ணில் புதைக்க வேண்டும் என்று. கொடுக்கவில்லை. மொட்டையான இடத்தை மூடித் தைத்து நான்கு நாள் வைத்திருந்து, நாற்பத்தெட்டாயிரத்து அறுநூற்று ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்.

இரண்டாம் நாள் என் வக்கீல் போன் செய்தார். குரலில் அவ்வளவு மகிழ்ச்சி. கொலை முயற்சி கேஸ் ஒன்று போட்டால் அவன் உள்ளே போவான், சட்டரீதியாகக் கிணறே நம் பக்கம் வந்துவிடும், இப்போது நம்ம கைதான் ஓங்கியிருக்கு என்றார். எந்தக் கை என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை.

மூன்றாம் நாள் ஸ்டேஷனிலிருந்து ஒரு ஏட்டு வந்தார், ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போயிருந்தது. நான் அதற்குள் யோசித்து முடித்திருந்தேன். அவன் மண்டையில் ஒன்பது தையல். நான் சொன்னால் அவனும் சொல்வான், கேஸுக்குக் கேஸ். ஆனால் நான் யோசித்தது அதை இல்லை. அவன் ஜெயிலில் இருந்தால் கிணற்றுக்குப் பால் ஊற்ற ஆள் கிடையாது. ஒரு பங்குக்காரன் ஊற்றினால் செல்லாது. கிணறு மூடிக் கிடக்கும். என் தக்காளி ஏற்கெனவே நாலு நாள் தண்ணீர் பார்க்கவில்லை. அவனை வெளியே வைத்தால்தான் எனக்குத் தண்ணீர். பங்கு அப்படிப்பட்டது.

தென்னை மட்டை வெட்டும்போது தவறிப் பட்டுவிட்டது என்றேன். ஏட்டு பேனாவை நிறுத்தினார்.

“நீங்க எந்தக் கைப் பழக்கங்க ஐயா?”

“வலது.”

“வலது கைக்காரரு வலது கை வெரல எப்படிங்க ஐயா வெட்டிக்கிட்டீங்க?”

என் மனைவி அவரை வராந்தாவுக்குக் கூட்டிப்போய்ப் பேசிவிட்டு வந்தாள். அந்த ஐயாயிரத்துக்கு ரசீது கிடையாது.

மே 7, செவ்வாய்க்கிழமை காலை கிணற்றைத் திறந்தோம். ஆளுக்கு அரை லிட்டர் பால். அவன் தருமபுரியில் தலைக்கு ஸ்கேன் எடுத்த நாலாயிரத்து இருநூறை நான் கொடுக்க வேண்டும், என் ஆஸ்பத்திரிச் செலவை நான் அவனிடம் கேட்கக் கூடாது, கோர்ட்டு மனுவை நான் திரும்பப் பெற வேண்டும் என்று ஊரில் பேசி முடித்திருந்தார்கள். முதல் அடி என்னுடையது, லிவரைத் தொட்டதும் நான் என்று எல்லோரும் ஒரே வாயாகச் சொன்னார்கள். கொடுவாள் வீசியதை ஏன் கணக்கில் எடுக்கவில்லை என்று கேட்டதற்கு, அவன்தானே இறங்கித் தேடினான் என்றார்கள். வக்கீலுக்கு அதுவரை கொடுத்த இருபத்திரண்டாயிரம் திரும்பி வரவில்லை.

பால் ஊற்றியதும் எல்லோரும் கேட்கத் தயங்கியதை ஒருவர் கேட்டார், இன்று யார் முறை என்று. நின்றுபோன நாள் என்னுடையது என்று நான் என் பெட்டிக்குப் போனேன். கட்டுப் போட்ட வலது கையைத் தூக்க முடியவில்லை, இடது கையை வைத்தேன்.

அவன் தன் பெட்டியில் சாய்ந்து நின்றிருந்தான். தையலுக்காகச் சிரைத்த பாதித் தலையில் ஈ உட்கார்ந்திருந்தது.

“மொறைக்கு வலது கைதானுங்க வாத்தியாரே” என்றான்.

நான் இடது கையை எடுத்தேன். வலது கையை, கட்டோடு, பெட்டியின் மேல் வைத்தேன். பிறகு அதே கையால் லிவரைத் தூக்கப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் இல்லாமல் லிவர் பிடிக்குள் வராது. கட்டைவிரலையும் நடுவிரலையும் கொடுத்து, தோள் எடையைப் போட்டு இழுத்தேன். உள்ளே தையல் ஒன்று விட்டது, கட்டில் ரத்தம் ஒரு காசளவு வந்தது, பிறகு உள்ளங்கையளவு. மனைவி கையை நீட்டினாள், அவன் மனைவி அவளைப் பிடித்து நிறுத்தினாள். லிவர் மேலே போனது, மோட்டார் பிடித்தது. என் கட்டிலிருந்து ரத்தம் விளிம்புக் கல் பக்கம் சொட்டாமல் இருக்க, அவன் தன் தோள் துண்டை எடுத்துக் கீழே போட்டுவிட்டு, மேட்டிலிருந்து இறங்கிப் போனான்.

மோட்டார் பதினொரு நிமிடம் ஓடியது. ஐந்து நாளில் ஊற்று கொடுத்த தண்ணீர் அவ்வளவுதான். நாலு பாத்தி நனைந்தது. அடுத்த நாள் அவனுக்குப் பன்னிரண்டு நிமிடம். அவன் தன் தக்காளியை ஆடுகளுக்குத் திறந்துவிட்டான். நான் விடாமல் லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றினேன், ஒன்பது லோடு, பதின்மூவாயிரத்து ஐநூறு. அதில் பிழைத்த செடியில் காய்த்ததைப் பாலக்கோட்டுக்குக் கொண்டுபோக முடியவில்லை. எங்களுக்கு முன்னாலேயே பேச்சு போயிருந்தது. டீக்கடையில் ஒருவன் என் காதுபடவே, வாத்தியார் தக்காளிய நறுக்கிப் பாத்து வாங்குங்கப்பா, நெகம் கிகம் இருக்கப்போவுது என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நாற்றும் உரமும் குச்சியும் ஆள்கூலியுமாக அந்த ஏக்கரில் போட்டது அறுபத்திரண்டாயிரத்து நானூறு. மழை வந்தபோது நனைய அதில் எதுவும் இல்லை.

இப்போது கிணற்றில் இருபத்து மூன்று அடித் தண்ணீர் நிற்கிறது. முறை நாள்விட்டு நாள் நடக்கிறது. வெயில் படுவதற்கு அரை மணி முன்னாலேயே போய் உட்கார்ந்துவிடுகிறேன். அவன் மறுபடி என் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டான். அகராதிப் பக்கத்தை நடுவிரலால் புரட்டப் பழகிவிட்டது, ஒரு தடவைக்கு இரண்டு பக்கம் சேர்ந்து புரள்கிறது, அதுதான் எரிச்சல். ‘ரைவல்’ இருக்கிற பக்கம் அன்று திறந்து வைத்தபடியே கிடந்து வெயிலில் மஞ்சளாகிவிட்டது. நேற்று உட்கார்ந்து எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். ஆஸ்பத்திரி, கார், வக்கீல், ரசீது இல்லாதது, அவன் மண்டை ஸ்கேன், லாரித் தண்ணீர், போட்ட பயிர். ஒரு லட்சத்து ஐம்பத்தொன்பதாயிரத்து இருநூற்று ஐம்பது ரூபாய்.